இருநூறு சுண்ணாம்பு டப்பா

அன்பு மகன் நம்கேவுக்கு,

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். உன் சங்கதியும் என் சங்கதியும் அப்புறம். என் மகள் வயிற்றுப் பேத்தி கயல்விழி, உன் தோளில் ஏறி நின்று பின்பக்கத்து முருங்கையில் காய் பறித்தவள், இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பன்னிரண்டு பேரை மேய்க்கிறாள். அவள் தம்பி பிரபு ரயில்வே பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறி அரக்கோணத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வாரம் ஒருமுறை வந்து அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுப் போகிறான். என் கொழுந்தனார் பேரன் கபடியில் மாவட்டத்துக்கு ஆடி, அவன் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோப்பை வாங்கி வந்தான். அவன் அக்கா நர்சிங் முடித்துவிட்டாள், எனக்கு இப்போது ரத்த அழுத்தம் பார்க்க வெளியே போகிற வேலை இல்லை. அப்புறம் நீ. யாரிடம் இந்தப் பட்டியலைச் சொன்னாலும் உன்னைத்தான் கடைசியில் வைப்பேன். கடைசியில் சொல்வதுதான் கேட்கிறவர் காதில் தங்கும். "பூட்டான் நாட்டுப் பார்லிமெண்டில் என் பிள்ளை மெம்பராக இருந்தான்" என்று முடித்துவிட்டு எதிராளி முகத்தைப் பார்ப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

கூடத்து ஷோகேஸில் எல்லோருடைய போட்டோவும் இருக்கிறது. உன்னுடையது நடுத்தட்டில். முழங்கால்வரை தொங்குகிற உங்கள் ஊர் அங்கியும், தோளில் குறுக்காகப் போட்ட நீலத் துண்டுமாகச் சபைக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறாய். உங்கள் நாட்டு ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைத் துண்டு, சபை மெம்பருக்கு மட்டும் நீலம், பதவி போனால் நீலத்தை மடித்து வைத்துவிட்டு வெள்ளைக்கே திரும்ப வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். இரண்டாம் தேர்தலில் தோற்ற அன்று ஒரு போன் செய்தாய். "அம்மா, தோத்துட்டேன்" என்றாய். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. போன் இல்லை, கடிதம் இல்லை, போட்டோ இல்லை. நான் கூப்பிட்டால் உன் சம்சாரம் எடுத்து, "வயலுக்குப் போயிருக்கிறார்" என்று இங்கிலீஷில் சொல்கிறாள், கயல் எனக்குச் சொல்கிறாள். எந்த நாட்டு வயலாக இருந்தாலும் ஒரு மனுஷன் சாப்பிட வீட்டுக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். ஏன் ஒளிகிறாய் என்று தெரியாமல்தான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். நீ எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிப்பாய் என்பதால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

நீ நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. என் வீட்டுக்காரர் தவறிய மறுவருஷம். மாடியை வாடகைக்கு விடலாம் என்று பலகை மாட்டியிருந்தேன். பூந்தமல்லி ரோட்டுக் காலேஜில் சிவில் படிக்க வந்தவன் என்று புரோக்கர் உன்னைக் கூட்டி வந்தான். நம் பருத்திப்பட்டில் அதற்கு முன்னால் உன் மாதிரி முகத்தை யாரும் பார்த்ததில்லை. தெருவே வாசலில் நின்றது. நீயோ யாரையும் பார்க்கவில்லை, என் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஒரு விரலால் தட்டைக் காட்டி, அந்த விரலை உன் வாயில் காட்டினாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்துக் கொடுத்தேன். மென்றாய், கண் கலங்கியது. காரம் என்று நினைத்தேன். உங்கள் ஊரிலும் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் இதைத்தான் கொடுப்பார்கள், வீட்டை விட்டு வந்து பதினோரு நாளில் அன்றைக்குத்தான் ஒருவர் உனக்கு அதைக் கொடுத்தார் என்று பிறகு சொன்னாய். அன்றே உன்னிடம் அட்வான்ஸ் கேட்க மறந்துபோனேன். ஆறாவது நாள் "அம்மா" என்றாய். எனக்கு ஒரே பெண், ஆண்பிள்ளை இல்லை என்று நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனாலும் அந்தச் சொல் மாடிப்படியில் இறங்கி வந்தபோது, அடுப்பில் இருந்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

நீ அரசியலுக்குப் போவாய் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் தெருவில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும். பெண்கள் நாங்கள் எட்டுப் பேர் கவுன்சிலர் வீட்டுக்குப் போவோம். அவர், "செஞ்சிடலாம்மா, நீங்க போய்க்கினே இருங்க, பின்னாலயே ஆள் வரும்" என்பார். வரமாட்டார்கள். நாலாவது தடவை நீயும் கூட வந்தாய். திரும்பி வரும்போது, "அவரு செய்றேன்னு சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு மறுபடி போறோம்?" என்று கேட்டாய். "நாம கெளம்பணும்னு அவுரு அப்டி சொல்றாரு. நாம திரும்பி வருவோம்னு அவுருக்குத் தெரியணும், அதுக்குத்தான் போறோம்" என்றேன். நீ சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே நடந்தாய். மறுநாள் கொத்தனாரிடமிருந்து தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற ட்யூபை இரவல் வாங்கிக்கொண்டு, கயலை ஒரு முனையில் நிறுத்தி, தெரு முழுவதும் வாட்டம் பார்த்து, ஒரு பெரிய தாளில் வரைந்து கொடுத்தாய். எந்த வாசலில் எத்தனை அங்குலம் பள்ளம் என்று கவுன்சிலருக்கே அதுவரை தெரியாது. ஆறாவது தடவை போனபோது அந்தத் தாளை மடியில் கட்டிக்கொண்டு போனேன். கால்வாய் வந்தது. இன்றைக்கும் மழைத் தண்ணீர் நீ போட்ட கோட்டின்மேல்தான் ஏரிக்குப் போகிறது.

படிப்பு முடிந்து ஊருக்குப் போனாய், சர்க்காரில் ரோடும் பாலமும் போடுகிற இன்ஜினியர் ஆனாய், கல்யாணம் கட்டினாய், ஒரு பெண் பிறந்தாள். எல்லாம் எழுதினாய், எல்லாவற்றுக்கும் போட்டோ வந்தது. பிறகு ஒருநாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன், தேர்தலில் நிற்கிறேன் என்று போன் செய்தாய். உங்கள் நாட்டுச் சட்டம் அப்படி: சர்க்கார் வேலையை விட்டால்தான் நிற்கலாம், தோற்றாலும் அந்த வேலை திரும்பக் கிடைக்காது. கைக்குழந்தைக்காரனுக்கு இது தேவையா என்று கத்தினேன். அன்றைக்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா, பாலத்துக்கு உத்தரவு போடுற எடத்துல இருக்கிறவங்க ஒருத்தரும் அந்த ஆத்தைத் தாண்டினதில்ல" என்றாய். அதற்குமேல் நான் கத்தவில்லை, அங்கே தேர்தல் எப்படி நடக்கும் என்று கேட்டேன். அங்கே முதல் சுற்றில் கட்சிகளுக்கு ஓட்டுப் போடுவார்கள், அதில் முந்தி வருகிற இரண்டு கட்சி மட்டும் இரண்டாம் சுற்றில் தொகுதிக்குத் தொகுதி ஆளை நிறுத்தும் என்று விளக்கினாய். எங்களுக்கு ஒரு சுற்றுக்கே காது வலிக்கிறது, உங்களுக்கு இரண்டா என்றேன். ஜெயித்தாய். ஆவடி மார்க்கெட்டில் அன்றைக்கு நான் மிட்டாய் கொடுக்காத கடைக்காரர் கிடையாது.

ஐந்து வருஷம் நீ மெம்பராக இருந்தது எனக்கு மாதம் ஒரு போனாகத்தான் தெரியும். உன் தொகுதியில் கடைசி ஊருக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும், அங்கே மொத்தம் ஒன்பது வீடு, ஒன்பது வீட்டிலும் சமையலறையில் தரையில் உட்கார்ந்து குறை கேட்டாய். காட்டுப்பன்றி சோளத்தை அழிக்கிறது என்றார்கள். இளவட்டங்கள் எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், பிணம் தூக்க ஆள் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தொங்குபாலம் கேட்டார்கள். "நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன். பாலத்துக்கு முயற்சி செய்கிறேன் என்று சொன்னாயாம், பன்றிக்கு உன்னிடம் வழி இல்லை என்றும் சொன்னாயாம், அவர்களுக்குக் கோபமாம். சபையில் அந்தப் பாலத்துக்காக எத்தனை தடவை எழுந்தாய் என்று எனக்குத் தெரியாது. நாலாம் வருஷம் பாலம் வந்தது. உன்னைப் படம் எடுக்கச் சொன்னதற்கு, பாலத்தில் நடக்கிற பிள்ளைகளைப் படம் எடுத்து அனுப்பினாய். நல்ல காரியம்தான். ஆனால் அதில் நீ இல்லை, அதனால் ஷோகேஸில் வைக்கவில்லை.

இரண்டாம் தேர்தல் வந்தது. இந்தத் தடவை கஷ்டம் என்று உன் குரலிலேயே தெரிந்தது. நான் ஏதாவது அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா, இங்க ஒரு டீ கூட வாங்கித் தரக்கூடாது" என்றாய். நான் அதைக் காதில் வாங்கவில்லை, நம்கே. நம் ஊரிலும்தான் கூடாது. கூடாது என்று சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள், அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே குடம் கொடுப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற தேர்தல் அது. அதோடு, நான் ஓட்டுக்குக் கொடுப்பதாக நினைக்கவே இல்லை. பிள்ளைக்கு ஒரு நல்ல காரியம் என்றால் தாய் வீட்டிலிருந்து பேர் வெட்டிய பாத்திரம் போக வேண்டும். உன் கல்யாணத்துக்கு அனுப்ப முடியவில்லை, உன் வீடு பால் காய்ச்சியதற்கும் அனுப்பவில்லை. சேர்த்து வைத்து அனுப்பினேன். என்ன அனுப்புவது என்று ஒரு வாரம் யோசித்து, உங்கள் ஊரில் எல்லோரும் வெற்றிலை போடுகிறவர்கள் ஆயிற்றே என்று, உள்ளங்கையில் அடங்குகிற எவர்சில்வர் சுண்ணாம்பு டப்பா இருநூறு சொன்னேன்.

பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாம்மா, வார்டுக்கு நிக்கிறியா?" என்றான். நான் இல்லை, என் பிள்ளை நிற்கிறான், பூட்டானில் என்றேன். "பூட்டானா? அது எத்தினியாவது வார்டு?" என்றான். மூடியின்மேல் உன் பேரும், அதன் கீழே 'அம்மா வீட்டுச் சீர்' என்றும் வெட்டச் சொன்னேன். இருநூறு மூடியையும் நானே வேட்டித் துணியால் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கினேன். லாரி பார்சல் ஆபீஸ்காரர் எல்லை ஊர்வரைதான் போகும் என்றார். அங்கிருந்து உன் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று உன் வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் பெட்டியின் ஆறு பக்கமும் எழுதினேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தோற்ற அன்று நீ செய்த போனில், அழுகையை அடக்கிக்கொண்டு நான் கேட்டது ஒரே கேள்விதான். "டப்பா வந்துச்சா?" "வந்துச்சும்மா. எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுது" என்றாய். அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன். என் பிள்ளை தோற்றாலும் இருநூறு வீட்டில் என் டப்பா இருக்கிறது என்று பேசாத ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டைத் தட்டினாள். டெச்சன் என்று பேர் சொன்னாள். அந்த ஒன்பது வீட்டு ஊர்ப் பெண், நீ படித்த அதே காலேஜில் இந்த வருஷம் சேர்ந்திருக்கிறாள். பருத்திப்பட்டில் வெற்றிலை போடுகிற அம்மா என்று விசாரித்துக்கொண்டு வந்தாளாம். கயலும் வீட்டில் இருந்ததால் அவள் இங்கிலீஷில் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாள். பை திறந்து, துணி பிரித்து, அந்தப் பெண் என் கையில் ஒரு சுண்ணாம்பு டப்பாவை வைத்தாள். உன் பேரில் பாதி தேய்ந்திருந்தது. 'அம்மா வீட்டுச் சீர்' தேயவில்லை. "பார்த்தியா, எப்படிப் பொழங்கியிருக்காங்க" என்று கயலிடம் பெருமையாகச் சொன்னேன். டெச்சன் கயலைப் பார்த்தாள், கயல் என்னைப் பார்க்கவில்லை. என்ன, என்ன என்று கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் வெளியே வந்தது.

நீ மலைமேல் ஓட்டுக் கேட்கப் போயிருந்த நேரத்தில் பார்சல் வந்திருக்கிறது. உன்கூட வேலை செய்கிற பிள்ளைகள் உன் பேரில் வந்தது என்று பிரித்து, நாலைந்து ஊரில் கொடுத்துவிட்டார்கள். நீ இறங்கி வந்து, ஒரு கிழவி மடியில் இருந்த டப்பாவில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாயாம். ஓட்டுக்காரருக்கு ஒரு பொருள் கொடுப்பதே அங்கே பெரிய குற்றம், வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் என்றால் இன்னும் பெரியது. உன் ஆட்கள் உனக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள்: யார் அனுப்பியது என்றே தெரியாது, எதிராளி செய்த வேலை என்று சொல்லிவிடு, அந்த எழுத்தை இங்கே படிக்கிறவர் யார் இருக்கிறார்கள்? நீ கேட்கவில்லை. தேர்தலுக்கு இருந்ததே கொஞ்ச நாள். உன்னை எதிர்த்து நின்றவர் வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போனபோது, நீ வீடு வீடாக டப்பாவைத் திருப்பிக் கேட்டுப் போனாய். ஒரு ஊரில் சுண்ணாம்பை வழித்துப் போட்டுவிட்டுக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். "குடுத்ததைப் புடுங்குறவன் ஜெயிச்சா எங்களுக்கு இன்னா குடுப்பான்" என்று கேலி பேசினார்களாம். கயல் அதை நம் பாஷையில் சொன்னபோது, நம் தெருவில் யாரோ சொன்னது மாதிரியே இருந்தது. டெச்சனின் பாட்டி மட்டும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு தாய் அனுப்பியதைத் திருப்பி அனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை, வேண்டுமானால் என்னை ஜெயிலில் போடு என்றாளாம். ஒன்று குறைகிறது என்று எழுதிக் கொடுத்து, மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் தேர்தல் அதிகாரி மேஜையில் கொண்டுபோய் வைத்தாய். உன்னைக் கண்டித்து எழுதி, அதை ஊர் அறிய ஒட்டினார்கள்.

அப்புறம் டெச்சன் தன் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினாள். உங்கள் ஊரில் வேட்பாளர்கள் ஒரே மேடையில் நின்று ஜனங்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமாம். கூட்டத்திலிருந்து ஒருத்தர் எழுந்து, கையை நீட்டிக் கேட்கிறார்: அந்த டப்பாவில் இருப்பது எந்த நாட்டு எழுத்து, உனக்குப் பின்னால் இருக்கிறவர்கள் யார்? நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அந்த முகம் எனக்குத் தெரியும். கவுன்சிலர் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டே நடந்தபோது இருந்த அதே முகம். பிறகு பேசுகிறாய். டெச்சன் சொல்லச் சொல்ல, கயல் எனக்குச் சொன்னாள். "அது தமிழ் எழுத்து. நான் படிச்ச ஊர்ல எனக்கு ஒரு அம்மா இருக்காங்க. அவங்க ஊர் வழக்கப்படி பிள்ளைக்குச் சீர் அனுப்பியிருக்காங்க. நம்ம சட்டத்தை அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லாதது என் தப்பு. தண்டனை எனக்குக் குடுங்க, அவங்க என் அம்மா இல்லேன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க." கூட்டத்தில் ஒரு பெண் சத்தம் போட்டுச் சிரிக்கிறாள், இன்னொருத்தி தோள் துண்டால் மூக்கைத் துடைக்கிறாள். கயல் அதற்குமேல் சொல்ல முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எத்தனை ஓட்டில் தோற்றான் என்று நான் டெச்சனைக் கேட்டேன். அவள் சொல்ல விரும்பவில்லை. விடாமல் கேட்டேன். நான் அனுப்பிய டப்பாவின் எண்ணிக்கையைவிடக் குறைவு.

ஊருக்குப் பொய் சொல்லாதவன் எனக்கு மட்டும் ஒரு பொய் சொன்னாய், மகனே. எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று. அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் ஒரு வருஷமாகப் பேசாமல் இருக்கிறாய் என்று இப்போது எனக்குப் புரிகிறது. பேசினால் நான் டப்பாவைப் பற்றிக் கேட்பேன், நீ மறுபடி சொல்ல வேண்டும். இனி அந்தக் கஷ்டம் உனக்கு இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது. நீ வேண்டாம் என்று சொன்னாய், நான் கேட்கவில்லை. நீ மேடையில் அதை உன் தலையில் போட்டுக்கொண்டது உன் பெருந்தன்மை, ஆனால் நான் அதை அங்கேயே விட்டுவைக்க முடியாது. உன் பதவியை என் கையால் பறித்தேன் என்பதை இந்த வயதில் தூக்கிக்கொண்டு நடப்பது சுலபமாக இல்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதுகிறேன். நம் வீட்டில் தாய் பிள்ளையிடம் இப்படிக் கேட்கிற வழக்கம் கிடையாது. சட்டத்தையே மீறியவள், இந்த வழக்கத்தை மீறுவதா பெரிது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை நீ கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் தான் வேலை பார்த்த பாக்டரியின் தொழிற்சங்கத் தேர்தலில் ஒருமுறை நின்றார். தோற்றார். அதுவரை ஏரிக்கரை டீக்கடையில் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும். தோற்ற பிறகு அந்தப் பக்கமே போகவில்லை, ஷிப்ட்டுக்குக் கூடச் சுற்றுவழியில் சைக்கிள் மிதித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் மனசு நோகக் கூடாது என்று, மாலையோடு சிரித்துக்கொண்டு நின்ற தேர்தல் போட்டோவை எடுத்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். யாராவது வந்தால் தூங்குகிறார் என்றேன். அவர் ஒளிந்தார், நான் ஒளித்து வைத்தேன். என் மகள் கல்யாணத்தில்கூடப் போட்டோக்காரர் வந்தால் பந்தியைப் பார்க்கிறேன் என்று நகர்ந்துவிடுவார். அவர் போன அன்று மாட்டுவதற்கு ஒரு படம் இல்லை. டிரங்குப் பெட்டியில் போட்டதைக் கரையான் தின்றிருந்தது. பாக்டரி அடையாள அட்டையில் இருந்த முகத்தைத்தான் பெரிதாக்கினோம். கூடத்தில் நீ பார்த்திருக்கிறாயே, யாரோ அதட்டியதுபோல விறைத்துக்கொண்டு இருப்பாரே, அது அவர் முகமே இல்லை. ஒரு டீக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் கூட நடந்திருந்தால் அந்த முகம் எங்களுக்கு மிஞ்சியிருக்கும். தோற்றவனை வீட்டில் இருப்பவர்கள் ஒளித்து வைக்கக் கூடாது என்று அறுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. உன் சம்சாரத்திடம் சொல், அடுத்த தடவை நான் கூப்பிட்டால் வயலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டாம்.

நீ இப்போது என்ன செய்கிறாய் என்று டெச்சன் சொன்னாள். காலையில் வயல், மத்தியானத்துக்கு மேல் உன் வீட்டு வாசலில் நாலு பேர் மனுவோடு நிற்கிறார்களாம், பதவி இல்லாதவனிடம் என்ன கேட்கிறார்கள் என்று தெரியவில்லை, ஆனால் நிற்கிறார்களாம். நீ எழுதிக் கொடுக்கிறாயாம். ஜெயித்தவருக்கும் உன் பழைய தாள்களையெல்லாம் கொடுத்துவிட்டாயாம், எந்த ஊருக்கு எது பாதியில் நிற்கிறது என்று. ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு நடப்பதாகவும் சொன்னாள். போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொல்லிக் கேட்காமல் பார்சல் அனுப்பியவளுக்கு அந்த உரிமை குறைந்துபோய்விட்டது. ஒன்று மட்டும். போவதானால் பிழைக்கப் போ, ஒளியப் போகாதே. மறுபடி நிற்பதானால் நில். அடுத்த தடவை நான் ஒரு வெற்றிலைக் காம்பைக்கூட அனுப்ப மாட்டேன், கயல்மேல் சத்தியம்.

கயலுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். இதைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், அவளுக்குப் பொறுக்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து "எழுதினியா, எழுதினியா" என்கிறாள். மாப்பிள்ளை பக்கத்து நூம்பல் ஊர்ப் பையன், நல்ல பையன், சொல்வதைக் கேட்கிறான். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனபோது தாய்மாமன் என்ற இடத்தில் உன் பேரைக் கொடுத்தேன். என் பெண்ணுக்கு அண்ணன் தம்பி என்று வேறு யார் இருக்கிறார்கள்? அச்சகத்துக்காரர், "இன்னாம்மா போடட்டும்? எம்.பி.யா, முன்னாள் எம்.பி.யா?" என்று கேட்டார். நம் ஊரில் முன்னாள் என்பதும் ஒரு பதவிதான், காரில் எழுதி ஒட்டிக்கொள்வார்கள். முன்னாள் என்றே போடச் சொன்னேன். "சும்மா எம்.பி.ன்னே போட்டுடலாம்மா, பூட்டான்ல இருந்து யாரு வந்து கேக்கப் போறா" என்றார் அவர். "என் புள்ள கேப்பான். ஊடு ஊடா போய் அத்தினி பத்திரிகையும் திருப்பி வாங்கிகினு வந்துடுவான்" என்றேன். நீ வந்தால் மணவறையில் அவள் கழுத்தில் முதல் மாலை உன் கையால். வர முடியாவிட்டால் கோபம் இல்லை, அந்த மாலையை நான் போட்டு உன் பேரைச் சொல்லுவேன்.

இந்தக் கடிதத்தைக் கயல் ஒரு வாரப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறாளாம், அச்சில் போடுவதற்கு. சொந்தக் கதை ஊருக்கு எதற்கு என்று முதலில் தடுத்தேன். பிறகு யோசித்தேன். நீ மேடையில் நின்று, ஓட்டுப் போகும் என்று தெரிந்தே, என்னை அம்மா என்று உன் ஊர் அறியச் சொன்னாய். நான் உன்னை என் பிள்ளை என்று மார்க்கெட்டில் மிட்டாய் கொடுத்தபோதுதான் சொல்லியிருக்கிறேன். நீ தோற்ற பிறகு, தோல்விக்கு நான் காரணம் என்று தெரிந்த பிறகு, என் ஊர் அறிய நானும் ஒருமுறை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

டெச்சனின் பாட்டி அந்த டப்பா நிறைய உங்கள் ஊர்ச் சுண்ணாம்பு வைத்து அனுப்பியிருந்தாள். அதைத் தடவித்தான் இந்த வாரம் முழுக்க வெற்றிலை போட்டேன். நம் சுண்ணாம்பைவிடக் கொஞ்சம் எரிகிறது, ஆனால் நன்றாக இருக்கிறது. டப்பாவை நான் வைத்துக்கொள்ளவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான், அவள் சொன்னது சரி. நம் சுண்ணாம்பை நிறைத்து டெச்சனிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், பாட்டிக்குச் சேர்க்கச் சொல்லி. இப்போது தேர்தல் இல்லை, கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஷோகேஸில் நடுத்தட்டைத் துடைத்து, நீலத் துண்டுப் படத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். வலதுபக்கம் ஒரு சட்டம் வாங்கி வெறுமையாக நிறுத்தியிருக்கிறேன், வருகிறவர்கள் யாருக்கு என்று கேட்கிறார்கள். ஒரு நல்ல நாளாகப் பார்த்து, வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு, உன் வீட்டு வாசலில் அந்த மனுக்காரர்களுக்கு நடுவில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள். சிரிக்க வராவிட்டால் பரவாயில்லை, முகம் தெரிந்தால் போதும். போனில் அனுப்பாதே, அது கயல் கையில்தான் இருக்கும். பிரிண்ட் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் அனுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பருத்திப்பட்டு.